டெக்சாஸில் கைத்துப்பாக்கியால் மான், காட்டுப்பன்றி வேட்டை: எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எவ்வளவு தூரம்?

லானோ_புதுசு:
வணக்கம். லானோ கவுண்டியில் இந்த சீசனுக்கு ஒரு லீஸ் (வேட்டைக்கு வாடகை நிலம்) எடுத்திருக்கோம். ரைஃபிளில் வெள்ளைவால் மான் வேட்டை பழக்கம் உண்டு. இந்த முறை ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டுக் கைத்துப்பாக்கி மட்டும் கொண்டுபோவதாக முடிவு. துப்பாக்கி: ரூகர் சூப்பர் ரெட்ஹாக், .44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல். அதே நிலத்தில் காட்டுப்பன்றியும் நிறைய. கேள்விகள்:

மானுக்கும் பன்றிக்கும் ஒரே தோட்டா போதுமா? எத்தனை கெஜத்தில் சைட் சரிசெய்வது? இரும்பு சைட்டா, ஸ்கோப்பா, ரெட் டாட்டா (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்)? ஃபீடர் (தீனி போடும் பெட்டி) இப்போது பிளைண்டிலிருந்து (ஒளிந்து உட்காரும் மறைவிடம்) 100 கெஜத்தில் இருக்கிறது. அது சரியா?

ஆறறை:
கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்ற எல்லாம் அதைப் பொறுத்ததுதான். 100 கெஜம் என்பது ரைஃபிள்காரர்கள் போட்ட கணக்கு. ஃபீடரை 35 முதல் 50 கெஜத்துக்குள் நகர்த்துங்கள். சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நகர்த்தினால்தான் மான் பழகும்.

கைத்துப்பாக்கியில் தூரத்தைத் தீர்மானிப்பது தோட்டா அல்ல, சுடுபவர். .44 மேக்னத்தின் 240 கிரெயின் (குண்டு எடையின் அலகு) குண்டு 100 கெஜத்திலும் மானைக் கொல்லும் வலுவோடுதான் போகிறது. உங்கள் கை அங்கே குண்டை வைக்குமா என்பதுதான் கேள்வி. சோதனை எளிது. மானுக்கு 8 அங்குலப் பேப்பர் தட்டு, பன்றிக்கு 6 அங்குலத் தட்டு. ரேஞ்சில் பெஞ்சில் சாய்ந்து அல்ல. காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி, முழங்கால் மேல் முழங்கை, அல்லது ஷூட்டிங் ஸ்டிக்ஸ் (துப்பாக்கியைத் தாங்கும் கவைக்கம்பு). 25 கெஜத்தில் சுட்ட ஐந்து குண்டும் தட்டில் விழுந்தால் 35, பிறகு 50. ஒரு குண்டு தட்டை விட்டு வெளியே போகும் தூரம் உங்களுக்கு இல்லாத தூரம். அதற்கு முந்தைய தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு, ரேஞ்சுக்குப் போனதும் சுடும் முதல் குண்டை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். கை சூடேறிய பிறகு விழும் நாலு குண்டுகளை வைத்து மான் சுட முடியாது.

சைட் சரிசெய்ய 50 கெஜம். விநாடிக்கு 1,350 அடி வேகத்தில் கிளம்பும் 240 கிரெயின் குண்டு, 50இல் சரியாக இருந்தால் 75இல் சுமார் ஒன்றரை அங்குலம் கீழே, 100இல் ஏறக்குறைய 5 அங்குலம் கீழே விழும். 75 வரை நேராக வைத்துச் சுடலாம். அதற்கு மேல் யோசிக்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது.

இரும்புசைட்:
ஆறறை சொன்னதோடு ஒன்று. ரெஸ்ட் மேல் வைத்துச் சுடும்போது குழலைக் கட்டையிலோ ஜன்னல் விளிம்பிலோ வைக்காதீர்கள். கடினமான பொருளில் குழல் பட்டால் குண்டு மேலே போகும். ஃபிரேமின் அடிப்பகுதி, ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால் உள்ள இடம், மென்மையான பையில் உட்கார வேண்டும். கைப்பிடியின் அடி காற்றில் இருக்கட்டும், அல்லது கையோடு சேர்த்துப் பையில் இருக்கட்டும். எப்படிச் செய்தாலும் ரேஞ்சிலும் காட்டிலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

அப்புறம் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதிலிருந்து பக்கவாட்டில் சூடான வாயுவும் ஈயத்துகளும் பீய்ச்சியடிக்கும். ரைஃபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் கொண்டுபோய்ப் பிடிப்பவர்கள் கட்டை விரலைக் கிழித்துக்கொள்வார்கள். .460, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்ற பெரிய தோட்டாக்களில் காயம் இன்னும் மோசம். பையின் துணியும் அந்த இடைவெளிக்கு நேரே இருக்கக்கூடாது, வெட்டிவிடும்.

கருவேலங்காடு:
தோட்டா விஷயத்துக்கு வர்றேன். மானுக்குப் போதும்னு சொல்ற குண்டு பன்றிக்குப் போதாம போகலாம். ஆனா பன்றிக்குச் சரியான குண்டு மானுக்கும் சரியாதான் இருக்கும். அதனால ஒரே தோட்டாதான் வேணும்னா பன்றியை மனசுல வச்சுத் தேர்ந்தெடுங்க.

லானோ பக்கத்து மான் சின்னது. விலா எலும்பு மெல்லிசு, நெஞ்சு அகலமும் குறைவு. 240 கிரெயின் ஹார்னடி எக்ஸ்டிபி (பட்டதும் விரியிற குண்டு) ஒரு பக்கம் நுழைஞ்சு மறு பக்கம் வெளியே வந்துடும். வயசான ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல ஒரு கவசம் இருக்கு. தோலுக்கு அடியில கெட்டியா, குருத்தெலும்பு மாதிரி. ஒண்ணுக்கொண்ணு குத்திச் சண்டை போட்டுப் போட்டு வயசாக ஆகத் தடிச்சுக்கிட்டே போகும், ஒரு அங்குலம் தாண்டினதும் உண்டு. அதுக்கு மேல சேறு காய்ஞ்சு ஒட்டியிருக்கும். தற்காப்புக்குன்னு விக்கிற லேசான ஹாலோ பாயிண்ட் (முனையில குழி உள்ள குண்டு) அந்தக் கவசத்துலயே விரிஞ்சு நின்னுடும். பன்றி ஓடும், எங்கேயோ போய் ரெண்டு நாள் கழிச்சுச் சாகும். இதை விடக் கேவலமான வேட்டை கிடையாது.

நான் சொல்றது: 300 கிரெயின் ஹார்ட்காஸ்ட் (கெட்டியா வார்த்த ஈயக் குண்டு), மூக்கு தட்டையா அகலமா இருக்கிறது. விரியாது, ஆனா நேரா உழுதுக்கிட்டுப் போகும், எலும்பை உடைச்சுட்டு மறு பக்கம் வரும்.

ஆறறை:
கருவேலங்காடு சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். ஹார்ட்காஸ்ட் ஆழமாகப் போகும், சந்தேகமில்லை. ஆனால் சின்ன மானின் நுரையீரல் வழியாக அது போனால் துளை குறுகலாக இருக்கும், மான் கூடுதல் தூரம் ஓடும். லானோ போல புதரும் பாறையும் உள்ள இடத்தில் அந்தக் கூடுதல் தூரம் தொல்லை. நடுவழி உண்டு: விரியவும் செய்யும், உடையாமலும் இருக்கும் குண்டுகள். 280 கிரெயின் ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், 225 கிரெயின் பார்ன்ஸ் எக்ஸ்பிபி முழுச் செம்புக் குண்டு. 300 கிரெயின் எக்ஸ்டிபியும் அதே வகையில் சேரும், 240ஐ விட மெதுவாகத்தான் விரியும். கலிபோர்னியாவில் வேட்டையாடுபவர் யாராவது படித்தால்: அங்கே 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாக் குண்டு கட்டாயம். ஆகவே மேலே சொன்னவற்றில் செம்பு ஒன்றுதான் வழி.

எடை மாற்றினால் மறுபடி சைட் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள்காரர்கள் எதிர்பார்ப்பது, கனமான குண்டு கீழே விழும் என்று. ரிவால்வரில் கிட்டத்தூரத்தில் நேர்மாறு. குண்டு மெதுவாகக் குழலைக் கடக்கிறது, அதற்குள் உதைப்பில் குழல் மேலே ஏறிவிடுகிறது. 240இல் சரிசெய்த துப்பாக்கியில் 300 போட்டால் 25 கெஜத்தில் குண்டு மேலேதான் விழும்.

பத்துமிமீ:
எல்லோரும் ரிவால்வரையே பேசுறீங்க. பன்றி கூட்டமா வரும். 10 மிமீ ஆட்டோ, கிளாக் 20 அல்லது 6 அங்குலக் குழல் கிளாக் 40, மேகசினில் 15 தோட்டா. 220 கிரெயின் ஹார்ட்காஸ்ட் விநாடிக்கு 1,200 அடி, 700 அடி-பவுண்ட் ஆற்றல். 50 கெஜத்துக்குள் பன்றிக்கு என்ன குறை?

கருவேலங்காடு:
குறை எதுவும் இல்ல, ரெண்டு எச்சரிக்கை மட்டும். ஒண்ணு, 10 மிமீன்னு பெட்டியில போட்டிருந்தாலும் பாதித் தோட்டாக்கள் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அளவுக்குத்தான் வலு. வேகத்தைப் பாத்து வாங்குங்க. ரெண்டு, கிளாக்கோட சொந்தக் குழல்ல மூடாத ஈயக் குண்டு போடாதேன்னு கம்பெனியே சொல்லுது, அதோட வரிப்பள்ளம் (குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள்ள இருக்கிற பள்ளம்) வேற மாதிரி, ஈயம் ஒட்டிச் சேரும். ஹார்ட்காஸ்ட்தான் சுடணும்னா சாதாரண வரிப்பள்ளம் உள்ள வேற குழல் மாத்தணும், இல்லேன்னா மேல செம்பு பூசின குண்டு.

முழு வலுத் தோட்டாவுல ஸ்லைடு வேகமாப் பின்னால போகும். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா அடுத்த தோட்டா மேல வர்றதுக்குள்ள ஸ்லைடு மூடிடும். வேட்டைக்கு எடுத்துட்டுப் போற அதே தோட்டாவுல, அதே மேகசின்கள்ல, 100 ரவுண்டு தடையில்லாம ஓடணும். ஒரு பெட்டி 20 தோட்டா சுட்டுட்டு "நல்லா ஓடுது"ன்னு சொன்னா அதுல அர்த்தமே இல்ல.

கேள்விக்குறி:
.357 மேக்னம் வைத்திருக்கிறேன், 6 அங்குலம். இதில் மான் சுட முடியுமா முடியாதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆறறை:
முடியும், நிபந்தனைகளோடு. 158 கிரெயின் குண்டு 1,250 அடி வேகத்தில் 550 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 180 கிரெயின் வேட்டைக் குண்டு எடுத்தால் ஊடுருவல் நன்றாக இருக்கும். 50 கெஜத்துக்குள், மான் முழுப்பக்கம் காட்டி நிற்க வேண்டும், தோள் எலும்பைத் தொடாமல் விலாவில் விட வேண்டும். பன்றி என்றால் சின்னதும் நடுத்தரமும் மட்டும். பெரிய ஆண் பன்றிக்கு .357ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாநில விதியையும் பாருங்கள். டெக்சாஸில் மானுக்கு ரிம்ஃபயர் (.22 போல விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா) கூடாது, மற்றபடி கைத்துப்பாக்கிக்குத் தாராளம். ஒஹையோவில் குழல் குறைந்தது 5 அங்குலம், தோட்டா .357 அல்லது அதற்கு மேல், நேர்சுவர்க் கேஸ் (கழுத்து குறுகாத தோட்டா உறை). கொலராடோவில் 4 அங்குலக் குழலும் 50 கெஜத்தில் 550 அடி-பவுண்டும் வேண்டும், நீங்கள் சொல்லும் .357 அங்கே பெரும்பாலான தோட்டாக்களில் தேறாது. ஒவ்வொரு ஆண்டும் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தடம்பார்ப்பவர்:
குண்டைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, எங்கே விடுவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. மான் சுட்டுப் பழகியவர்கள் பன்றியில் தவறுவது இங்கேதான்.

மானில், பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நுரையீரலும் அங்கே. கொஞ்சம் பின்னால் போனாலும் நுரையீரலின் பின்பகுதியோ ஈரலோ மாட்டும்.

பன்றியில் அந்தச் சலுகை இல்லை. நுரையீரல், இதயம் எல்லாம் முன்னால் தள்ளி, கீழே இறங்கி, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். மானில் விடும் இடத்தில் பன்றிக்கு விட்டால் குடலில்தான் போகும். முன்னங்காலின் பின்கோட்டைப் பிடித்து மேலே போங்கள், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். கனமான குண்டு இருந்தால் நேராகத் தோளின் வழியாகவே விடலாம்.

மேலே போனால் இன்னொரு ஆபத்து. பன்றியின் முதுகில் தெரியும் கூம்பு வெறும் மயிரும் கொழுப்பும் எலும்பு முட்களும். முதுகுத்தண்டு அதற்கு வெகு கீழே ஓடுகிறது. கூம்பில் பட்டால் அதிர்ச்சியில் பன்றி அந்த இடத்திலேயே பொத்தென்று விழும். "விழுந்துவிட்டது" என்று துப்பாக்கியை இறக்குவார்கள். சில விநாடிகளில் எழுந்து ஓடிவிடும். விழுந்த பன்றி அசைந்தால் உடனே இன்னொன்று. மானுக்கும் அதேதான்: கண்ணுக்குத் தெரியும்வரை, பாதுகாப்பான கோணம் இருக்கும்வரை, இரண்டாவது குண்டை விடுங்கள். கைத்துப்பாக்கிக் குண்டு ரைஃபிள் குண்டு போல அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை, துளை போட்டு ரத்தம் வடியவைத்துத்தான் கொல்கிறது. நுரையீரலில் சரியாகப் பட்ட மான்கூட 50, 100 கெஜம் ஓடும்.

நேர் முன்னால் பார்த்து நிற்கும் மான், பின்பக்கம் காட்டிப் போகும் மான், ஓடும் மான், தலை: இந்த நான்கும் கைத்துப்பாக்கிக்கு இல்லை. சாய்வாக விலகி நிற்கிறதென்றால் எதிர்ப்பக்கத் தோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு அதை நோக்கி விடுங்கள்.

பத்துமிமீ:
பன்றிக்குக் காதுக்குப் பின்னால் விடுவதைப் பலரும் சொல்கிறார்களே?

தடம்பார்ப்பவர்:
கூண்டில் பிடிபட்ட பன்றிக்குச் சரி. மக்காச்சோளம் தின்னும் பன்றியின் தலை ஒரு விநாடி ஓர் இடத்தில் இருக்காது, மூளை சின்னது, மண்டை சாய்வு. இரண்டு அங்குலம் முன்னால் போனால் தாடை உடையும். தாடை உடைந்த பன்றி நாள்கணக்கில் பட்டினியில் சாகும்.

லானோ_புதுசு:
எல்லோருக்கும் நன்றி. 50 கெஜம் என்று முடிவு செய்கிறேன். 300 கிரெயின் எக்ஸ்டிபி பார்க்கிறேன். சைட் விஷயம் யாராவது சொல்லுங்களேன். இன்னொன்று: சோதித்துப் பார்த்தபோது நாலாவது ரவுண்டுக்கு மேல் சிலிண்டர் சுற்றாமல் இறுகிக்கொண்டது. துப்பாக்கிக் கோளாறா?

இரும்புசைட்:
அந்த இறுக்கத்துக்கு முதலில் தோட்டாவைப் பாருங்கள். உதைப்பில் துப்பாக்கி பின்னால் வெட்டியிழுக்கும்போது சிலிண்டரில் சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டு கேஸிலிருந்து முன்னால் நகர்ந்து வரும். போதுமான அளவு வந்தால் சிலிண்டரின் முன்முகத்துக்கு வெளியே மூக்கு நீட்டி ஃபிரேமில் இடிக்கும். கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கேஸின் வாயை உள்ளே அழுத்துவது) சரியாக விழாத தோட்டாவின் வேலை அது. கனமான குண்டில் அதிகம், லேசான எடைத் துப்பாக்கியில் இன்னும் அதிகம்.

சோதிக்கும் முறை: ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து எழுதுங்கள், கேஸின் அடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதைச் சிலிண்டரில் வைத்து மற்ற ஐந்தைச் சுடுங்கள். வெளியே எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பெட்டியை வேட்டைக்கு எடுக்காதீர்கள், வேறு தயாரிப்பு மாற்றுங்கள்.

நீளம் மாறவில்லையா? அப்போது இரண்டு இடம் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று மாட்டினாலே சிலிண்டர் பின்னால் தள்ளி இறுகும். பழைய டூத்பிரஷ் போதும். இல்லையென்றால், சில ரிவால்வர்களில், எக்ஸ்ட்ராக்டர் கம்பி தளர்ந்து முன்னால் வந்திருக்கலாம். .44 ஸ்பெஷல் போட்டுப் பயிற்சி செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க: குட்டைக் கேஸ் அறைக்குள் ஒரு கரி வளையம் விட்டுப்போகும். அதைத் தேய்த்து எடுக்காமல் மேக்னம் போட்டால் கேஸ் ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

சைட்: பெயருக்கு ஏற்றபடி இரும்பு சைட்டைத்தான் விரும்புகிறேன், ஆனால் நாற்பது வயது தாண்டிய கண்ணுக்கு விடியற்காலையில் முன் சைட்டும் மானும் ஒன்றாகத் தெரியாது. உங்கள் சூப்பர் ரெட்ஹாக்கின் ஃபிரேம் மேலேயே ஸ்கோப் வளையம் உட்கார வெட்டு இருக்கிறது, அது பெரிய வசதி. ஸ்கோப் என்றால் கைத்துப்பாக்கி ஸ்கோப்தான் வேண்டும், கை நீட்டிப் பிடிக்கும் தூரத்துக்குக் கண் விலகல் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம்) 18 அங்குலமாவது இருக்கும். 2 மடங்கு போதும். 4 மடங்கில் கை நடுக்கமெல்லாம் பெரிதாகத் தெரிந்து ட்ரிக்கரைச் சட்டென்று இழுக்கத் தோன்றும். ரெட் டாட் 50 கெஜத்துக்கு மிக நல்லது. 6 எம்ஓஏ (கோண அளவு) புள்ளி 50 கெஜத்தில் மூன்று அங்குலத்தை மறைக்கும், 3 எம்ஓஏ எடுத்தால் அதில் பாதி. இருட்டில் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், அதிகமாக வைத்தால் புள்ளி பூவாக விரிந்து மானையே மறைத்துவிடும். சீசனுக்கு முன் புது பேட்டரி. திருகுகளில் எண்ணெய்ப் பசையை ஆல்கஹால் வைத்துத் துடைத்து நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு; .44இன் உதைப்பில் வெறும் திருகு தளரும், குண்டு எங்கெங்கோ போகும், நாம் ட்ரிக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆறறை:
காதைப் பற்றி யாரும் பேசவில்லை. .44 மேக்னத்தை மூடிய பிளைண்டுக்குள்ளிருந்து காது மூடாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் நிரந்தரச் சேதம் ஆகலாம். எலெக்ட்ரானிக் இயர்மஃப் வாங்கிவிடுங்கள். மான் இலையில் நடப்பது கேட்கும், வெடிச் சத்தம் குறையும். குழல்முனையும் சிலிண்டர் இடைவெளியும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்படி உட்காருங்கள், கண்ணாடியும் போடுங்கள்.

ஹேமரைப் பின்னால் இழுக்கும் சத்தம் அமைதியான காலையில் மானுக்கு நன்றாகக் கேட்கும். தலை குனிந்து தின்னும்போது, அல்லது மரத்துக்குப் பின்னால் போகும்போது இழுங்கள். சத்தம் வராமலிருக்க ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே ஹேமரை இழுக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. கை வழுக்கினால் வெடிக்கும். வேண்டாம்.

பழைய ரூகர் சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுக்கும் ரிவால்வர்) வைத்திருப்பவர்களுக்கு: 1973க்கு முந்தைய மூன்று திருகு மாடல்களில் டிரான்ஸ்ஃபர் பார் (விழுந்தாலும் வெடிக்காமல் காக்கும் பாகம்) கிடையாது. ஐந்து தோட்டா மட்டும், ஹேமர் காலி அறைமேல். விழுந்தால் வெடிக்கும். 1973இலிருந்து வந்த நியூ மாடலில் ஆறும் போடலாம்.

உதைப்புக்குப் பயந்து கை முன்கூட்டியே அழுத்தும் பழக்கம்தான் கைத்துப்பாக்கியின் முதல் எதிரி. மருந்து: நண்பர் ஒருவர் சிலிண்டரில் மூன்று தோட்டாவும் மூன்று ஸ்நாப் கேப்பும் (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து போட்டுத் தரட்டும், எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. வெடிக்காத அறையில் குழல் கீழே குனிந்தால் காரணம் தெரிந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது முழு வலுத் தோட்டா சுடுவதைவிட, பதினைந்து சுட்டு, மிச்சத்தை வீட்டில் காலித் துப்பாக்கியில் பழகுவது மேல்.

மட்டுறுத்துநர்:
இரண்டு குறிப்பு. இந்த இழை அமெரிக்காவில், உரிமத்தோடு செய்யும் வேட்டையைப் பற்றியது. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், தனிநபர் யாரும் காட்டுப்பன்றியைச் சுடவும் அனுமதியில்லாமல் முடியாது. ஊரிலுள்ள தோட்டத்துப் பன்றிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விகள் இங்கே வேண்டாம், வனத்துறையிடம் போங்கள்.

இரண்டாவது விசா. எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். இங்கேதான் நம்மவர்கள் சிக்குகிறார்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் தேவையில்லை. "பன்றி மட்டும்தானே" என்று உரிமம் எடுக்காமல் விசாக்காரர் துப்பாக்கியைத் தொட்டால் மாநிலச் சட்டம் சும்மா விடும், கூட்டரசுச் சட்டம் விடாது. டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31இல் முடிகிறது. புதுப்பிக்காமல் துப்பாக்கி அலமாரியில் இருந்தாலும் பிரச்சினைதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. துப்பாக்கியை இரவல் கொடுப்பவரும் தெரிந்தே கொடுத்தால் குற்றவாளி. சந்தேகமிருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், இழையில் கேட்காதீர்கள்.

கேள்விக்குறி:
1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு டெக்சாஸில் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி வகுப்பு) கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 17 வயது நிரம்பியவர்கள் முழுவதும் ஆன்லைனிலேயே முடிக்கலாம்.

தடம்பார்ப்பவர்:
சுட்ட பிறகு. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தையும் இரண்டு மரங்களை வைத்து மனதில் குறியுங்கள். பிளைண்டை விட்டு இறங்கியதும் எல்லாமே வேறு மாதிரி தெரியும். அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு போய் முதலில் ரத்தத்தின் நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பு, நுரையோடு: நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு: பெரும்பாலும் ஈரல், மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றத்தோடு: குடல். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தொடாதீர்கள். குண்டு பட்டதும் முதுகைக் குனித்து மெதுவாக நடந்துபோன மான் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. அவசரப்பட்டுத் துரத்தினால் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும், அங்கே அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது.

பன்றியில் ரத்தம் நம்பக்கூடாது. கவசமும் கொழுப்பும் துளையை மூடிவிடும், முதல் 30 கெஜத்தில் ஒரு சொட்டுகூட இல்லாமல் போகலாம். மண்ணில் குளம்புத் தடத்தையும், முழங்கால் உயரத்தில் புல்லில் தேய்ந்த ரத்தத்தையும் பாருங்கள். இரண்டு துளை இருந்தால்தான், அதுவும் கீழ்த் துளை இருந்தால்தான், தடம் ஒழுங்காக விழும். கருவேலங்காடு ஊடுருவல், ஊடுருவல் என்று அடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

கிடக்கும் பன்றியிடம் முதுகுப் பக்கமாக, துப்பாக்கி தயாராகப் போங்கள். நீளமான கம்பால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது.

கருவேலங்காடு:
கடைசியா கறி. பன்றிக்கு ரப்பர் கையுறை இல்லாம கத்தியைத் தொடாதீங்க, முழங்கை வரைக்கும் வர்றது நல்லது. கண்ணாடியும் போட்டுக்கோங்க. புரூசெல்லா கிருமி ரத்தத்துலயும் கருப்பை நீர்லயும் இருக்கும். கையில சின்னக் கீறல் போதும். வாரக்கணக்குல விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி வரும். அப்படி வந்தா டாக்டர்கிட்ட "காட்டுப்பன்றி வெட்டினேன்"னு சொல்லுங்க, சொல்லலேன்னா அவருக்கு அந்தப் பக்கமே யோசனை போகாது.

குடலை எடுக்கும்போது மூத்திரப்பையும் குடலும் கிழியாம, கத்தி முனையை ரெண்டு விரலுக்கு நடுவில வச்சு, வெட்டு மேல்நோக்கி. மேல இருக்கிற தோலையும் சதையும் மட்டும்தான் முனை தொடணும். டெக்சாஸ் நவம்பர்ல பகல் வெயில் 80 ஃபாரன்ஹீட் தாண்டும். ஐஸ் பெட்டி முதல்லயே தயாரா இருக்கட்டும், கறி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ சீக்கிரம் இறங்கணும். உருகின தண்ணியில கறி ஊறக்கூடாது, வடிகால் மூடியைத் திறந்து வண்டியைச் சாய்வா நிறுத்துங்க. பன்றிக்கறி உள்ள 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வர்ற வரைக்கும் வேகணும், வெப்பமானி வச்சுப் பாருங்க. பெரிய ஆண் பன்றி கறி வீச்சம் அடிக்கும். 60, 70 பவுண்டு பெண் பன்றிதான் மிளகு வறுவலுக்கு ருசி.

குண்டு போன வழியைச் சுத்தி ஒரு கையகலம் வெட்டித் தூரப் போடுங்க, ஈயக் குண்டுன்னா கண்டிப்பா.

லானோ_புதுசு:
மானுக்கு டேக் (உரிமத்தோடு வரும் சீட்டு) கட்டுவது எப்போது? வீட்டுக்கு வந்து போடலாமா?

ஆறறை:
கூடாது. மான் விழுந்ததும், நகர்த்துவதற்கு முன், உரிமத்திலுள்ள டேக்கில் மாதத்தையும் தேதியையும் வெட்டி, எழுத வேண்டியதை எழுதி மானில் கட்ட வேண்டும். டிஜிட்டல் டேக் எடுத்திருந்தால் ஆப்பில் உடனே பதிவு. லானோவுக்கு எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதை இந்த ஆண்டுக் கவுண்டிப் பட்டியலில் பாருங்கள். சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின் வரை. அதற்குப் பிறகு ஃபீடருக்கு வருவது பன்றியானால் சுடலாம், மான் என்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சிடபிள்யூடி எனும் மான் நோய்க்கான வலயங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தலையையோ முதுகெலும்பையோ வேறு கவுண்டிக்குக் கொண்டுபோகும் முன் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.